உலக வெப்பமும் எங்கள் கைப்பேச்சும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவன் நான். எந்த இடத்தில் எந்த 'ல' வரும் என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். உலக விஷயங்களைப் பற்றி மாதக் கூட்டம் நடத்தும் அம்மா, "தப்பிருந்தா நாங்க திருத்திக்கறோங்க, நீங்க எழுதுங்க" என்று மூன்று முறை சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஆள் முன்னால் பேசக் கூசுகிறவன். பஸ்ஸில் "ஒரு கருமத்தம்பட்டி" என்று டிக்கெட் கேட்பதற்குக்கூட, கண்டக்டர் வருவதற்கு முன்னால் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். ஆனால் தறிக்குடோனுக்குள் நான் வேறு ஆள். அங்கே பதினாறு தறிகள் ஒன்றாக ஓடும். பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்கு உதடும் கையும்தான் பேச்சு. நூல் அறுந்தால் இரண்டு விரலை ஒட்டிப் பிரிப்போம். டீ என்றால் கட்டைவிரலை வாயை நோக்கிச் சாய்ப்போம். முதலாளி வருகிறார் என்றால் வயிற்றை வட்டமாகத் தடவுவோம். அவருக்குக் கொஞ்சம் தொப்பை. இந்தப் பேச்சில் என்னை மிஞ்ச எங்கள் குடோனில் ஆள் கிடையாது.

கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்ததே என் கூச்சத்தால்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் சிங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் பந்தி மாடியில் என்று நினைத்து ஏறினேன். அங்கே நாற்காலிகளில் ஐம்பது பேர் உட்கார்ந்து, வட துருவத்துப் பனி உருகுவதைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கையைக் காட்டி என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்களே! ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே பந்தி முடிந்தே போனது. மேலே சுண்டல் கொடுத்தார்கள். ஆனால் என்ன சொல்ல, வெளியே வரும்போது தலை கிறுகிறு என்று இருந்தது. எங்கேயோ ஒரு பனிமலை கரைகிறது, எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொள்கின்றன, கப்பல் சுற்றிப் போகிறது, கருமத்தம்பட்டியில் நூல் விலை ஏறுகிறது. நான் நின்றுகொண்டிருக்கும் தறிக்கும் அந்தப் பனிக்கரடிக்கும் இடையில் ஒரு இழை ஓடுகிறதே என்று ஒரே குதூகலம். அதிலிருந்து மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்ததில்லை.

ஞாயிறு கேட்டதைத் திங்கட்கிழமை குடோனில் கையாலேயே சொல்வேன். அதற்கெல்லாம் ஏற்கனவே சைகை கிடையாது. நானே செய்தேன். கரியமில வாயுவுக்குப் பீடிப் புகை மேலே போகிற மாதிரி ஐந்து விரலையும் சுழற்றுவேன். பனிமலை உருகுவதற்குக் குச்சி ஐஸ் முழங்கை வரை ஒழுகுவதையும், அதை நக்குவதையும் காட்டுவேன். உலக நாடுகள் சபைக்குப் பத்து விரலையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒன்றுகூட அசையாமல் பிடித்துக்கொள்வேன். எட்டாம் நம்பர் தறி ஓட்டும் அம்மா இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, ஒருநாள் ஊடை என்கிற குறுக்கு நூல் தீர்ந்ததுகூடத் தெரியாமல், நூலில்லாத வெறும் நாடாவைத் தறியில் ஓட விட்டுவிட்டார்.

என் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளும் அதே குடோனில் நான்கு தறி பார்க்கிறாள். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட் கூரை. காற்றாடி போட்டால் பஞ்சு பறந்து நூலில் ஒட்டும் என்பதால் அதுவும் இல்லை. போன சித்திரையில் இரண்டு முறை மத்தியானத்தில் மயங்கி விழுந்தாள். இந்தப் பங்குனியிலேயே ஒருமுறை விழுந்து, தறிச் சட்டத்தில் நெற்றி அடிபட்டது. தலை ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் ஓடுகிற தறிக்குள் போயிருக்கும். அன்றைக்கு மாலைவரை அவளுடைய நான்கு தறிகளையும் நானே சேர்த்துப் பார்த்தேன்.

வெயில் மாதங்களில் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை தறியை நிறுத்த வேண்டும், கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் வேண்டியது இதுதான். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அந்தப் 'பாக்கலாம்' எந்தச் சித்திரையிலும் வந்து சேர்ந்ததில்லை. நானோ அவர் முன்னால் போனால் வந்த வேலையை மறந்து, "நல்லா இருக்கீங்களாங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவன்.

"ஏனுங்க, ஒலகம் சூடாகறது இருக்கட்டும். நம்ம குடோன் சூட்டுக்கு உங்க புரபசர் என்ன சொல்றாருன்னு கேட்டீங்களா?" என்றாள் ஒருநாள்.

"அங்கெல்லாம் எந்திரிச்சுக் கேக்கோணும் அம்மணி."

"எந்திரிக்கறதுக்குக் கால் இல்லீங்களா? அடுத்த கூட்டத்துக்கு நானும் வாரேன். எட்டாம் நம்பர் அக்காளையும் கூட்டிட்டு வாரேன்."

சித்திரை மாதக் கூட்டத்துக்கு அப்படித்தான் மூவரும் போனோம். உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடையில் பேராசிரியருக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளி! அந்த மாதத்துச் சுண்டலும் டீயும் அவருடைய உபயமாம். தோளில் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள்.

"போயறலாம்" என்றேன்.

"வந்தது வந்தாச்சு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் ஆண்கள் பக்கத்தில், நடுவில் நடைபாதை.

பேராசிரியர் வெளியூர்க்காரர். உலக நாடுகள் வருடா வருடம் கூடிக் கூடிப் பேசியும் ஏன் ஒப்பந்தத்துக்கு வர முடியவில்லை என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சு, ஆனால் பெரிய பெரிய வார்த்தைகள். பத்து நிமிடத்தில் என் மனைவி அங்கிருந்து கையைக் காட்டினாள்: என்ன சொல்றாரு? நான் இங்கிருந்து கையால் சொன்னேன்: பணக்கார நாடு புகை விட்டுவிட்டுப் போய்விட்டது, ஏழை நாடு இருமுகிறது. எட்டாம் நம்பர் அக்காள்: அப்புறம்? நான்: இருமுகிறவன் கேட்டால், புகை விட்டவன் 'பாக்கலாம்' என்கிறான். மனைவி உடனே மேடையைக் கண்ணால் காட்டி வயிற்றை வட்டமாகத் தடவினாள். நானும் சிரிப்பை அடக்க முடியாமல், இன்னும் பெரிய வட்டமாகத் தடவினேன்.

அந்த நேரத்தில் பேராசிரியர் பேச்சை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். காது கேட்காதவர்களுக்காக இங்கே சைகை மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். நான் போன எந்த ஊரிலும் இப்படிப் பார்த்ததில்லை" என்று சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினார். அரங்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. என் கை இன்னும் என் வயிற்றின் மேல்தான் இருந்தது.

கூட்டம் நடத்தும் அம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாராட்டை யாராவது வேண்டாம் என்பார்களா? "வாங்க, வாங்க, முன்னால வந்து நில்லுங்க, எல்லாத்துக்கும் தெரியோணுமில்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், மேடை ஓரத்தில் ஒரு மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார். இல்லை என்று சொல்ல வாய் திறக்க வேண்டும். எனக்குத் திறக்கவில்லை. அதனால் கைதான் திறந்தது.

முதல் ஐந்து நிமிடம் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. அப்புறம் என்ன ஆனதோ, பீடிப் புகை சுழன்றது, குச்சி ஐஸ் ஒழுகியது, பத்து விரலும் சபையில் உட்கார்ந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் பேராசிரியரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பேராசிரியருக்கும் உற்சாகம் ஏறி, கடல் மட்டம் என்று சொல்லும்போதெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்தினாள். எனக்கு அல்ல. எனக்குப் பின்னால் இருந்தவருக்கு. திரும்பிப் பார்த்தேன். முதலாளி பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்துத் தன் வயிற்றை வட்டமாகத் தடவி, புருவத்தை உயர்த்தி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: இது நானா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரும் என் வயதில் நான்கு தறி ஓட்டியவர்தானே! இந்தப் பேச்சு அவருக்கும் தாய்மொழி. அலுவலக அறைக்குள் போன பிறகு அவர் கையால் பேசி நாங்கள் பார்த்ததில்லை, அதனால் மறந்தே போனோம்.

என் மனைவி கொஞ்சமும் அசரவில்லை. நீங்கதான் என்று தலையை ஆட்டினாள். பிறகு நெற்றித் தழும்பைக் காட்டினாள். தலைக்கு மேலே கையை விரித்து, குடோனின் ஷீட் கூரையைக் காட்டினாள். ஒரு விரல், மூன்று விரல், பிறகு தறியை நிறுத்துகிற கைப்பிடியை இழுத்துக் காட்டினாள். ஒன்றிலிருந்து மூன்றுவரை நிறுத்துங்கள்.

முதலாளி ஒரு விரலைப் பாதி மடக்கிக் காட்டினார். அரை மணி.

அவள் கோவைக்காய் வாங்கும்போது விலை கட்டாது என்று தலையை ஆட்டுவது மாதிரி ஆட்டினாள். எட்டாம் நம்பர் அக்காள் பக்கத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டார். அப்படியானால் சித்திரை முழுக்க வரமாட்டோம் என்று அர்த்தம்.

முதலாளி ஒரு விரலை நீட்டினார். ஒரு மணி நேரம்.

பேராசிரியர் இது எதுவும் தெரியாமல், "இருபது மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை" என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்றுகொண்டு ஒரு கையால் உலகத்தையும் இன்னொரு கையால் எங்கள் குடோனையும் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறோம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறோம், உங்களுக்கு ஒரு மீட்டர் துணியும் குறையாது என்று முதலாளியிடம் சொன்னது என் கைதான். அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

முதலாளி மேலே பார்த்தார், அரங்கத்துக் கூரையை. பொன்னாடைக்குள் அவருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி கையை இப்படியும் அப்படியும் இழுத்து, இரண்டு விரலை நீட்டினார். என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். பேராசிரியர் அவள் கேள்வி கேட்கத்தான் எழுந்தாள் என்று நினைத்து, "கேளுங்கம்மா" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. முடிஞ்சுதுங்க" என்றாள்.

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். சத்தமாக. என் வாழ்க்கையில் நான் மைக்கில் எழுப்பிய முதல் ஒலி அந்தச் சிரிப்புதான். அது பரவி, காரணம் தெரியாமலேயே மொத்த அரங்கமும் சிரித்தது. பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

சுண்டல் வாங்கும் இடத்தில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, எத்தனை வருசமா என்னைய இப்படித் தடவிட்டிருக்கறீங்க?"

நான் வழக்கம்போல, "நல்லா இருக்கீங்களாங்க" என்றேன்.

"தொப்பையைக் கொறைச்சுப்போட்டேன்னா மாத்துவீங்களா?"

"அது பாக்கலாமுங்க" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து.

அடுத்த வாரமே கூரையில் ஆள் ஏறிவிட்டது. சுண்ணாம்பு இரண்டு பூச்சு. உள்ளே இன்னும் சூடுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு மணிக்குத் தறிகள் எல்லாம் நிற்கின்றன. முதல் நாள் அந்த அமைதியில் எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது. சித்திரை முழுவதும் போய் வைகாசியும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் மயங்கி விழவில்லை. என் மனைவி குடோனுக்கு வெளியே வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எட்டாம் நம்பர் அக்காள் குறட்டையே விடுகிறார். நான் மட்டும் தூங்காமல், பாவுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், நாளுக்குக் கொஞ்சமாக இதை எழுதி முடித்தேன்.

மூன்று மணி ஆகப் போகிறது. எழுப்ப வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் தூங்கட்டும்.

வைகாசி 9, வெள்ளிக்கிழமை.