இரண்டு மிஸ்டு கால் வந்தால் கல் மழை

மாலை நாலு மணி, ஒரு பைக், பின்சீட்டில் கேமரா ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தபடி ஆரோக்கியம். 2004 ஏப்ரலில் எங்கள் முதல் பயணம் இப்படித்தான் கிளம்பியது. மேற்கே வானம் கருத்தால் ஊரெல்லாம் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடும்; மின்னலைப் படம் பிடிக்கிறவன் மட்டும் இருட்டின பக்கமாக வண்டியை விடுவான். அப்படி ஒரு முறையாவது போய், நனைந்து, வெறுங்கையோடு திரும்பி, வீட்டில் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் அப்போது ஒரு நாளிதழின் கடலூர் நிருபர். ஆரோக்கியம் முதுநகரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுப்பதில் பெயர் வாங்கியவர். சிக்கல் எங்கே என்றால், எங்கள் பக்கத்தில் இடி மின்னலும் ஆலங்கட்டியும் வருவது சித்திரை, வைகாசியில்தான். கல்யாணங்களும் அதே சித்திரை, வைகாசியில்தான். ஐப்பசி மழையில் வெள்ளம் ஜாஸ்தி, மின்னல் குறைவு. எங்களுக்கு அது பயன்படாது. ஆகவே வருமானம் வருகிற இரண்டே மாதத்தில், வானம் கருத்த சாயங்காலமெல்லாம் கடையில் ஆள் இருக்காது.

ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். சித்திரை பிறந்ததும் வருஷா வருஷம் அதையே எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்வார்: "பேப்பர்ல ஒரே ஒரு படம் வரட்டும், அப்புறம் நான் வாயே தெறக்கல. இந்த வருஷமும் வராட்டி ஸ்டாண்ட எடைக்குப் போட்டுடுவேன்."

வரப்பில் மூன்று கால்

முதல் கோடையில் கீரப்பாளையம் பக்கம் போனோம். உளுந்து பிடுங்கிய வயல்கள், கண்ணுக்கெட்டியவரை மறைப்பே இல்லை. தூரத்து மேகத்துக்குள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. இடிச் சத்தம் கிட்டே வந்தால் ஸ்டாண்டை அங்கேயே போட்டுவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதுவரை நேரம் இருந்தது. ஆரோக்கியம் வரப்பில் மூன்று காலையும் விரித்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் பக்கத்தில் நின்று இடது பக்கம், வலது பக்கம் என்று கை காட்டினேன்.

திரும்பினால் எட்டுப் பத்துப் பேர் நிற்கிறார்கள். முன்னால் நின்ற பெரியவர் தோளில் துண்டோடு, மெதுவாகத்தான் கேட்டார்: "ரோடு எந்தப் பக்கமா போவுது?" புறவழிச்சாலைக்கு அளக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். மின்னலைப் படம் பிடிக்க வந்திருக்கிறோம் என்றேன். யாரும் நம்பவில்லை. சம்பளம் யார் தருகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். யாரும் தருவதில்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் ஆரோக்கியம் பெரியவரைக் கேமராவுக்குள் பார்க்கச் சொன்னார். அவர் குனிந்து பார்த்த நேரம் பார்த்து மேகம் ஒரு முறை நன்றாக எரிந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"மின்னல எவ்ளோ வேணா புடிச்சிக்குங்க சார். வரப்புல மட்டும் கல்லு நட்டுடாதீங்க."

வரவேற்பு நேரத்தில்

2006 வைகாசி. சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. படம் ஆரோக்கியம். மண்டபத்துக்காரர் எனக்கும் பழக்கம் என்பதால் சாப்பிடப் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிறார்கள், பரிசுப் பொட்டலத்தோடு வரிசை நிற்கிறது. ஜன்னலில் மின்னல் ஒரு வெட்டு வெட்டியது. ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். "மச்சான், பிலிம் மாத்திட்டு வந்துடறேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். பிலிம் மாற்ற மொட்டை மாடிக்குப் போக வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கால் மணி நேரம் கழித்துப் பெண்ணின் தாய்மாமா என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். படிக்கட்டுக் கூரைக்கு அடியில் நின்றபடி ஆரோக்கியம் ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எதிரே வானம் இரண்டாகக் கிழிந்து மூடியது. "விழுந்துடுச்சி மச்சான்" என்றார், மாமா நிற்பதைக் கவனிக்காமல். மாமா கத்தவில்லை. "ஏம்பா, மின்னலு நாளைக்கும் வரும். எங்க பொண்ணுக்கு ரிசப்சன் நாளைக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

படம் அபாரமாக வந்திருந்தது. ஆனால் மின்னலுக்குக் கீழே, சீரியல் பல்புகள் சூழ, பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் எழுதிய வரவேற்பு வளைவு பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டார் அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பாண்டிச்சேரியில் இருந்த எங்கள் செய்தி ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா இருக்கு. இதப் போட்டா விளம்பரம்னு போடணும்."

பிளாஸ்க்

அடுத்த வருஷம் குறிஞ்சிப்பாடி தாண்டி நிஜமாகவே கல் மழையில் மாட்டிக்கொண்டோம். பைக்கின் பெட்ரோல் டேங்கில் டங் டங்கென்று விழுந்தது. ஒரு டீக்கடைத் தகரக் கூரைக்குள் ஓடினோம். அந்த மழையில் கேமராவை வெளியே எடுத்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆரோக்கியத்துக்கு யோசனை வந்தது. கல்லைப் பொறுக்கிப் பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டால் உருகாது, மழை விட்டதும் நிதானமாகப் படம் எடுக்கலாம். தலையில் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி, நெல்லிக்காய் அளவில் கை நிறையப் பொறுக்கி வந்தார். பிளாஸ்க்கில் போட்டு மூடினார். மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார்.

மழை விட்டது. கேமராவைத் தயார் செய்து, கறுப்புத் துணியை பெஞ்சில் விரித்து, மூடியைத் திறந்தோம். ஆவி வந்தது. மத்தியானம் கடலூரில் கிளம்பும்போது பிலோமினா அதில் டீ ஊற்றிக் கொடுத்திருந்தார். நாங்கள் பாதிதான் குடித்திருந்தோம். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், தண்ணியா இருக்கு. கொஞ்சம் தூள் போடவா?"

துறைமுகத்து வாடை

அதற்கடுத்த கோடையில் கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை தைத்து வைத்திருந்தோம். டிஜிட்டல் கேமராவும் வந்துவிட்டது. அதே குறிஞ்சிப்பாடிப் பக்கம், அதே மாதிரி மழை. இந்த முறை என் உள்ளங்கையில் கல்லை வைத்து ஆரோக்கியம் எடுத்தார். ரேகை வரைக்கும் துல்லியமான படம். அன்றைக்கே அனுப்பிவிட்டு, காலையில் பேப்பரைப் பிரித்தால், அந்த இடத்தில் நகராட்சிக் கூட்டம் இருந்தது.

போன் செய்தேன். செய்தி ஆசிரியர் சாவகாசமாகவே பேசினார். கல் மழை என்பதற்கு அதில் என்ன இருக்கிறது, ஒரு கையும் கொஞ்சம் ஐஸும்தானே என்றார். முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் தெருவெல்லாம் கிடப்பது அவருக்குத் தெரியும். எந்த ஊர், என்றைக்கு என்று படமே சொன்னால் போடுகிறேன் என்றார். இதை நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து புலம்பியபோது ஆரோக்கியம் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் சைஸ் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்த பிலோமினா தலை நிமிரவில்லை. "அவுரு கடைசியா என்னாதான் சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னேன்.

"வாசனை இங்க பாண்டி வரைக்கும் வருதுய்யா. வஞ்சிரமா, சங்கராவா?"

லால்பேட்டையிலிருந்து

எல்லா ஊருக்கும் நாமே ஓட முடியாது என்பது அதற்குள் புரிந்துவிட்டது. தெரிந்த கடைக்காரர்களிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மேகம் திரண்டால் ஒரு மிஸ்டு கால். கல் விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு. யாரும் எடுக்கக்கூடாது, திருப்பியும் கூப்பிடக்கூடாது. நேரம் வீணாகாமல் நேரே வண்டியை எடுக்க வேண்டியதுதான். ஆரோக்கியம் இதை வீட்டிலும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் லால்பேட்டையில் செல்போன் கடை வைத்திருந்த யூசுப் பாயிடமிருந்து இரண்டு வந்தது. சிதம்பரம் தாண்டி, வீராணம் ஏரிக் கரையோடு பறந்தோம். போய் இறங்கினால் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பாய் கடை வாசலில் நின்று சிரிக்கிறார். முதல் கால் மேகத்துக்கு. இரண்டாவது தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருவீர்களா என்று கேட்பதற்கு. நாங்கள் எடுக்காததால் பேச முடியவில்லையாம். ஆரோக்கியத்துக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதத்தில் அவருக்கு வந்த முதல் கல்யாணம் அது. சிதம்பரத்து மாடி விஷயம் எப்படியோ அங்கேயும் போயிருந்தது. பாய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நிக்காஹ் அன்னிக்கு மழை வந்தா நீங்க தாராளமா மாடிக்குப் போங்க மச்சான். மாப்பிள்ளையயும் கூடவே அனுப்பிவிடறேன்."

வீட்டிலிருந்து வந்த இரண்டு

2011 சித்திரையில் பிலோமினா வழக்கமான நிபந்தனையைச் சொல்லவில்லை. பழைய இரும்புக்காரரிடம் விலை விசாரித்துவிட்டதாகச் சொன்னார். அது நிபந்தனையைவிட மோசமாக இருந்தது. அந்த மாதமே ஒரு நாள் மேகம் தெற்கே கட்டியது. சிதம்பரத்துக்குப் போய், ஒரு மாடி வராந்தாவில் ஸ்டாண்டை நிறுத்திக் காத்திருந்தோம். காற்று திரும்பியது. மேகம் எங்கள் தலைக்கு மேலேயே வடக்கே கடந்து போனது. ஒரு சொட்டு விழவில்லை.

அப்போது ஆரோக்கியத்தின் போன் அடித்து நின்றது. வீடு. மறுபடி அடித்து நின்றது. அதே வீடு. "திட்டறதுக்குத்தான். போயே வாங்கிக்கறேன்" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். இத்தனை வருஷம் இரண்டு மிஸ்டு காலுக்காக ஊர் ஊராக ஓடியவர்கள், சொந்த வீட்டிலிருந்து வந்த இரண்டை அப்படித்தான் படித்தோம்.

முதுநகருக்குள் நுழையும்போதே தெருவில் வேப்பிலை கிழிந்து கிடந்தது. ஸ்டூடியோ வாசலில் ஈரம். பிலோமினா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு படம். கொல்லையில் விழுந்த கற்களை முறத்தில் அள்ளி வந்து, அன்றைய எங்கள் பேப்பரின் மேல் கொட்டி, பாஸ்போர்ட் படம் எடுக்கிற கேமராவால் எடுத்திருந்தார். பக்கத்தின் தலையில் தேதி தெரிந்தது. 'கடலூர் மாவட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குடிநீர்க் குழாய் உடைந்தது பற்றி நான் எழுதிய செய்தியின் மேல் எலுமிச்சை அளவில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. "எந்த ஊரு, என்னிக்குன்னு படமே சொல்லணும்னாரே அண்ணே" என்றார் என்னிடம்.

அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார். "யாரு எடுத்தது? நீங்க ரெண்டு பேரும் இல்லன்னு மட்டும் தெரியுது."

காலையில் பேப்பரை மேசையில் விரித்து வைத்து, 'படம்: பிலோமினா' என்ற எழுத்தை ஆரோக்கியம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்டாண்டை எடுத்து வந்து மனைவியின் முன்னால் வைத்தார். பேப்பரில் வந்த படம் அவருடையது இல்லை. ஆகவே எடைக்குப் போடலாம் என்பது கணக்கு. பிலோமினா அதை எடுத்து, பழைய இடத்தில், கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. வீட்டுப் பக்கமும் ஒரு ஆளு இருக்கணுமில்ல. ஆனா நான் ரெண்டு தடவ அடிச்சா, திரும்பி வந்துடணும்."

மழையைத் துரத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எத்தனை பேர் வேண்டுமானாலும் துரத்துங்கள், ஒருவர் மட்டும் கொல்லையில் முறத்தோடு நிற்கட்டும் என்பதுதான். 2012 மே மாதம் அந்த ஸ்டூடியோவுக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதில் பிலோமினாவின் பெயர் முதலில் இருந்தது.