வழுக்கைத் தலையன் நேர்ந்துகொண்ட மொட்டை

போன ஐப்பசி மழையில் என் மனைவி கோமதிக்கு டெங்கு வந்தது. கரமனையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்தார்கள், எழுந்தும் விட்டார்கள். கோமதி மட்டும் எழவில்லை. ஐசியூ வாசலில் டாக்டர், "இப்போ ஒண்ணும் சொல்லமுடியாது சாமி, பிரார்த்திச்சுக்கோங்கோ" என்றார். டாக்டரே இப்படிச் சொன்னால் நான் என்ன ஆவேன்?

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு பஸ் ஏறியவன், வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி நின்றேன். ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை புரியவில்லை. பிள்ளையார் முன்னால் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. தினமும் சொல்கிற சுலோகம்கூட வாயில் வரவில்லை. "அவளைக் குடுத்துடுப்பா, மொட்டை போட்டுக்கறேன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என் தலையைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்துகொண்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் தலை வழுக்கை. காதோரம் இருப்பதை முடி என்றால் முடிவெட்டுகிறவரே சிரிப்பார். போதாததற்கு, மொட்டை என்பது பழனியில் முருகனுக்கு. இங்கே தேங்காய்தான். தம்பிக்கு உரியதை, அதுவும் என்னிடம் இல்லாததை, அண்ணனுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்! திரும்பும் பஸ்ஸில்தான் இது உறைத்தது. கடவுளையே கேலி செய்துவிட்டேனோ? பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. மருந்தா, பிள்ளையாரா? எனக்கு ஒரே குழப்பம். வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்னா, இருக்கறதைத் தரேன்னு வேண்டிக்கப்படாதோ?"

"பதட்டத்துல வந்துடுத்துடி."

"நல்லவேளை, என் தலையைத் தரேன்னு சொல்லாம விட்டேளே!"

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தானே கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேர்ச்சையை எப்படித் தீர்ப்பது என்று கோயில் பூசாரியிடம் கேட்டேன். மலையாளத்துக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"ஒரு தேங்காய் உடைச்சாப் போதும், சாமி."

"நான் சொன்னது மொட்டையாச்சே? ஏமாத்தினதா ஆகாதோ?"

அவர் என் தலையை ஒருமுறை பார்த்தார். "வேண்டிக்கும்போதும் கணபதி இந்தத் தலையைத்தானே கண்டது?"

தேங்காயை உடைத்தேன். இப்போதெல்லாம் பிள்ளையார் முன்னால் சுலோகம் தேடுவதில்லை. மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். மருந்தா, பிள்ளையாரா என்ற குழப்பம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பயம் போய்விட்டது.

துன்பத்தில் இருப்பவர்களே, சரியான வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உளறிக்கொண்டாவது போய் நில்லுங்கள். என் தலையைப் பார்த்துக்கொண்டேதான் பிள்ளையார் கோமதியைக் கொடுத்தார்.