ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஆம்புரோஸ் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. மனைவி குழந்தையம்மாள் செத்த அன்று விட்டார். அவள் உயிரோடு இருக்கும்போதே விட்டிருந்தால் என்ன என்று மகள் பெட்ரீசியா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அவர் உழைத்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போ டவுனுக்கு வந்து, ஒரு மரக்கிடங்கில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தார். என் பக்கத்து அறையில் தனியாக இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு பத்து காஜா என்ற ஊருக்குப் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போவார். அவள் வாசலில் நாற்காலி போட்டு, கதவோரம் நின்றபடியே நாலு வார்த்தை பேசி அனுப்புவாள். குடித்துவிட்டு வந்தால் அந்த நாற்காலியும் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தாள். மனிதருக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

எண்பத்து நான்காம் வருஷம், ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் நியாசின் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எதிரில் நின்று மருந்தை விழுங்க வைப்பார். மருந்து என்றால் வெறும் வயிறு; ஐம்பது வருஷப் பழக்கம். முதல் மாத்திரையை ஒரு ஞாயிறு காலை சுடச்சுடக் கோப்பியோடு விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினார்.

பாதி வழியில் காது கொதித்தது. முகமும் கழுத்தும் கன்றி, உடம்பெல்லாம் அரித்தது. சட்டைப் பொத்தானை அவிழ்த்து விட்டு, சொறிந்துகொண்டே போய் நின்றார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் பெட்ரீசியா.

"இல்லலா, பிள்ளே. சத்தியமா இல்ல."

"ஊதுங்க."

அவர் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள். கோப்பி வாடைதான். பிறகு நெற்றியில் கை வைத்தாள்.

"என்னப்பா, இப்படிக் கொதிக்குது!"

சட்டைப் பையிலிருந்த மருந்துப் பொட்டலத்தை எடுத்துப் படித்தாள். "சாப்பிட்டுட்டுப் போடணும்னு எழுதியிருக்கே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, உள்ளே கூட்டிப் போய் ஈரத் துண்டால் முகம் துடைத்து, சோறு போட்டாள்.

"அவங்கம்மா போனப்புறம் எம் பிள்ள என்னையத் தொட்டது இன்னிக்குத்தான், தம்பி" என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொல்லி அழுதார்.

அதன் பிறகு ஒழுங்காக ரொட்டி தின்றுவிட்டுத்தான் மாத்திரை போட்டார். சூடும் இல்லை, அரிப்பும் இல்லை. அடுத்த மாதம் தெளிவான முகத்தோடு போனார். அப்பா நன்றாக இருப்பதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி. வாசலில் நாற்காலி போட்டாள்.

அதற்கடுத்த மாதம், அந்த ஞாயிறு காலை, அவர் அறையில் எட்டிப் பார்த்தேன். ரொட்டி பிரிக்காமலே கிடந்தது. ஒரு கையில் கோப்பி, மறு கையில் மாத்திரை.

"அண்ணே, சாப்பிட்டுட்டுத்தானே போடணும்?"

"மத்த நாள்ல அப்படித்தான் போடுறேன்லா, தம்பி" என்றார். "இன்னிக்கு எம் பிள்ளையப் பாக்கப் போறேன்."