என் ஸ்டாரை அணைக்கச் சொன்ன புள்ளி

பிள்ளைகளே, பெரியவர்களுக்குப் பொறாமை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வானத்தில் இருந்த ஒரு புள்ளியின்மேலேயே வந்திருக்கிறது.

அப்போது மெட்டுகுடாவில் இருந்தோம். நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், பத்தாவதுக்குமேல் படிக்கவில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு. டிசம்பர் பிறந்தால் நானும் அவளும் மூங்கில் சிம்பை வளைத்து, கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்துக் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுவோம். நீளக் கொம்பில் அதை ஏற்றி, கயிற்றால் இழுத்துக் கட்டி மொட்டைமாடியில் நிறுத்துவோம். சுவிட்சை அவள்தான் போடுவாள்.

அந்த வருஷம் மாடி அறைக்குக் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் குடிவந்தான். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. டெலஸ்கோப், அதில் மாட்டும் கேமரா, லேப்டாப் எல்லாம் வைத்திருந்தான். மகள் பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குப் போய்விடுவாள். கீழே என்னிடம் ஆமாம் என்பதற்கு "ஹவ்", வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று அந்த ஊர் உருதுவில் ஒரே சொல்லில் பதில் சொல்கிறவள், மேலே அவனிடம் மூச்சுவிடாமல் பேசுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஸ்டாரை நான் தனியாகவே ஒட்டினேன். தனியாகவே ஏற்றி, சாயங்காலம் நானே சுவிட்சைப் போட்டேன். மாடியின் அந்தக் கோடியிலிருந்து மகள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"டாடி, பந்த் கரோ! படமெல்லாம் ஆரஞ்சு ஆயிடுச்சு!"

பின்னாலேயே அவன் வந்தான். "மன்னிச்சுக்குங்க அங்கிள். இன்னும் ரெண்டு மூணு நாளைக்குத்தானுங்க. அப்புறம் அந்தப் புள்ளியே மங்கிப் போயிடும்."

ரொம்ப ரொம்பத் தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்து, காமாக் கதிர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று பீறிட்டதாம். அது சில நொடிகளில் முடிந்துவிட்டதாம். மிஞ்சிய ஒளியைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உலையிலிருந்து எடுத்த இரும்பு செக்கச்செவேல் என்று இருந்து மெல்ல மங்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். மனிதனே இல்லாத காலத்தில் கிளம்பிய வெளிச்சமாம். வந்து சேர இந்த டிசம்பர்தானா கிடைத்தது?

ஸ்டாரை அணைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

"பையன் மேல கோவமா, அந்தப் புள்ளி மேல கோவமா?" என்று சிரித்தாள் மனைவி.

"கைக்கு கேக்குறே? சாப்பாடு போடு" என்றேன். அந்த ஊரில் "கைக்கு" என்றால் "ஏன்".

தெருவில் எல்லார் வீட்டு ஸ்டாரும் எரிந்தது. எங்களுடையது மட்டும் இருட்டில் தொங்கியது. சர்ச்சுக்குப் போகிற வழியில் "என்ன அண்ணா, பல்பு போச்சா?" என்று கேட்டவர்களுக்கு ஹவ் என்று தலையாட்டினேன்.

பிறகு ஒரு சாயங்காலம் மகள் கண் கலங்கிக் கீழே வந்தாள். "போயிடுச்சு டாடி. பெரிய டெலஸ்கோப்ல இன்னும் தெரியுமாம். நம்மளதுல இல்ல."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் ஸ்டாருக்காக இவள் ஒருநாளும் அழுததில்லையே என்றுதான் தோன்றியது.

"எங்க இருந்துச்சு? காட்டு."

மாடிக்கு இழுத்துப் போனாள். சின்னச் சின்னதாக நிறையப் படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, நாளுக்கு ஒரு படமாக்கி வைத்திருந்தார்கள். முதல் படத்தில் புள்ளி பளிச்சென்று இருந்தது. அடுத்ததில் மங்கல். அதற்கடுத்ததில் இருக்கிறதா என்று கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. கடைசிப் படத்தில் ஒன்றுமே இல்லை. மகள் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, "இங்கதான்" என்றாள். வைத்த விரலை அவள் உடனே எடுக்கவில்லை.

பிறகு, "ஸ்டாரைச் சரியா நிறுத்தலாமா? சாஞ்சிருக்கு" என்றாள்.

சாய்ந்துதான் இருந்தது. இருவர் பிடிக்க வேண்டியதை ஒருவனாக நிறுத்தினால் வேறு எப்படி இருக்கும்?

"நான் புடிக்கட்டுங்களா அங்கிள்?" என்று பையன் எழுந்தான்.

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நக்கோ அண்ணா. இது நானும் டாடியும்தான் செய்வோம்."

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளாக நான் வைத்துக்கொண்டிருந்த முகம்.

"அந்தக் கயித்தைப் பிடிங்க தம்பி" என்றேன்.

சுவிட்சை மட்டும் அவனிடம் விடவில்லை. அதை மகள்தான் போட்டாள்.