அப்பா பெயின்ட் அடித்த வகுப்பறை

எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு ஒரு காலத்தில் பிள்ளை ஒன்று இருந்தால் போதும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். இரண்டு வகுப்பை ஒன்றாக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்களோ என்று பயந்து, ஜனவரி பிறந்ததும் அதிபரே எங்கள் தோட்டத்துக்கு வந்து வீடு வீடாகப் பிள்ளை கேட்பார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். நான் அப்படி வாசலில் வந்து கேட்டு வாங்கப்பட்ட பிள்ளை.

தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்கவேண்டாம். நெருக்கியடித்த அறைவீடுகளுக்கும் கொழும்பில் அதுதான் பெயர். அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இந்தத் தோட்டத்தில் குடியேறியவர். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு அறக்கட்டளை எங்கள் பள்ளியைக் கையில் எடுத்தது. கூரைத் தகடு, மேசை கதிரை, பெயின்ட், கம்ப்யூட்டர் எல்லாம் அவர்கள் தருவார்கள். உடம்பால் ஆகவேண்டிய வேலையைப் பெற்றோர் செய்யவேண்டும். கூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், “நாங்களும் நீங்களும் இதில் பங்காளிகள்” என்றார். அப்பாவை அதுவரை யாரும் எதிலும் பங்காளி என்று சொன்னதில்லை. அந்தச் சொல் அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் நடந்தது. மற்ற அப்பாமார் சிலநாள் வந்துவிட்டு, முதுகுவலி, கல்யாண வீடு என்று கழன்றுகொண்டார்கள். அப்பா விடவில்லை. தரம் ஒன்று வகுப்பறைக்குத் தானே பெயின்ட் அடிப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு வருடத்தில் தம்பி அங்கேதானே உட்காரப் போகிறான். தம்பியைக் கூட்டிப்போய் ஒரு சின்னக் கதிரையில் உட்காரவைத்து, அவன் தலை சாய்கிற உயரம்வரை கரும்பச்சை அடித்தார். தலையெண்ணெய் பட்டாலும் தெரியாதாம். அதற்கு மேலே மஞ்சள். அடித்து முடித்த அன்று எங்கள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினார். கோயிலுக்குப் போவதுபோலக் குளித்துவிட்டுத்தான் போனோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்குப் போயும் அதைப்பற்றி அளந்தார். அவருடைய முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். “உண்மையாவே அவ்வளவு வடிவா வந்திட்டுதோ?” என்று கேட்டிருக்கிறார். “வந்து பாருங்க முதலாளி, பெரிய காலேஜ் எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது” என்றாராம் அப்பா. முதலாளி வந்து பார்த்தார். பிறகு, தன் மகளுக்கு அந்தப் பக்கமாக ஒரு வீடு விலைக்கு வந்தால் பார்க்கும்படி அப்பாவிடமே சொன்னார். அப்பா கால் தேய அலைந்து, பள்ளிக்கூட மதிலுக்கு எதிரேயே ஒரு வீட்டைப் பிடித்துக்கொடுத்தார்.

“பெரிய எடத்து ஆளுங்க வந்தாத்தான் ஸ்கூலுக்கு மதிப்பு” என்று வீட்டில் பெருமையடித்தார். அம்மாவின் இடுப்பில் அப்போது தங்கச்சி கைக்குழந்தை. “கண்ணு படப்போகுது, கொஞ்சம் வாய மூடுங்க” என்றாள் அம்மா.

இரண்டு வருடம் கழித்து, தம்பியைத் தரம் ஒன்றுக்குச் சேர்க்கப் போனபோது, வரிசை வீதிவரை நின்றது. நகரத்தின் அந்தக் கோடி வெள்ளவத்தையிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. தம்பிக்கு அம்மா வெள்ளைச் சட்டையை முன்கூட்டியே தைத்து வைத்திருந்தாள். உள்ளே பெரிய டீச்சர் வீட்டு உறுதிப் பத்திரம் கேட்டார். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் அறை வாய்ப்பேச்சில் வாடகைக்கு எடுத்தது. அப்பாவின் பெயர் இன்னும் ஹட்டனில்தான் இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியுந்தானே டீச்சர், நாங்க இந்தத் தோட்டந்தான்” என்றார் அப்பா.

“தெரியும். முந்தி நான்தானே உங்கட வாசலுக்கு வந்து பிள்ளை கேட்டனான். இப்ப உறுதி, இடாப்பு எல்லாத்துக்கும் புள்ளி போட்டுத்தான் பிள்ளை எடுக்கச் சொல்லியிருக்கினம்.” பெரிய டீச்சர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்க அடிச்ச பெயின்டும் தெரியும். அதுக்குப் புள்ளி இல்லை.”

நான் அங்கே படிப்பதற்குக் கொஞ்சம் புள்ளி விழுந்தது, அது போதவில்லை. தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு உறுதியோடு வந்த முதலாளியின் பேரனுக்குக் கிடைத்தது.

“தவளையும் தன் வாயாலதான் கெடும்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள். அப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடைக்குத்தான் போனார். முதலாளிக்கு விஷயம் தெரிந்து, “எனக்குத் தெரியாமப் போச்சுது, தெரிஞ்சிருந்தா…” என்று இழுத்தாராம். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்லவில்லை. ஒரு பால்மா பக்கெற்றைக் கொடுத்து அனுப்பினார். அம்மா அதைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். பிறகு தங்கச்சி பாலுக்கு அழுத ஒருநாள் பிரித்தாள்.

தம்பியைத் துறைமுகப் பக்கமாக, பஸ்ஸில் போகவேண்டிய ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எந்தக் கேள்வியும் இல்லை. பிள்ளையைக் கண்டதே போதும் என்று அந்த அதிபர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். தம்பி மழைநாட்களில் நனைந்த புத்தகங்களோடு வந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் காயவைப்பான். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவனுக்கு முன்னால் என் கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று அம்மா கண்ணைக் காட்டுவாள்.

மறுவருடம் ஒருநாள் அவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தான். “அப்பா! எங்க ஸ்கூலுக்கும் ஃபவுண்டேஷன் வருதாம்! புதுக் கூரை போடப்போறாங்களாம்! ஞாயித்துக்கெழம எல்லா அப்பாவும் வரணுமாம்!”

நான் கைதட்டினேன். தம்பி அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினான்.

“நான் வரல்ல” என்றார்.

“புள்ள எவ்வளவு ஆசையா கேக்குது” என்றாள் அம்மா.

அப்பா, தரையில் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்த தங்கச்சியைப் பார்த்தார். அவளுக்குப் பள்ளிக்கூட வயசு வர இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருந்தது.

“வேணாம். அந்த ஸ்கூலாவது அப்பிடியே கெடக்கட்டும். இன்னும் ஒரு புள்ளய சேக்க இருக்கே நமக்கு.”

அம்மா தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தம்பி அழுது அழுது தூங்கிப்போனான். எனக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம். அந்த வாரம் முழுவதும் அவரோடு நான் பேசவில்லை. தன் பிள்ளையின் தலைக்குமேல் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைக்கிற தகப்பனும் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.