கழுவாத கொத்துக்கறி

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கிரேன் மாமா கொத்துக்கறியை வாணலியில் பரப்பிவிடுகிறார். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றுவதில்லை. மிதமான சூட்டில் மாட்டிறைச்சியின் கொழுப்பு தானே இளகி, ஓரங்களில் கசிந்து, பொரியத் தொடங்கும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கட்டாவிட்டால் கிளறத் தோன்றுமாம். “கிளறிக்கிட்டே இருந்தா தண்ணி விட்டு அவிஞ்சுடும். சும்மா விட்டாத்தான் செவக்கும்” என்பார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு எதிர்வீடு. இந்த வெளிநாட்டு அடுக்ககத்தில் நம் மொழி பேசுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால், குடிவந்த வாரமே அவர் எனக்கு மாமாவும் அவர் மனைவி அத்தையும் ஆகிவிட்டார்கள். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, அதன்மேல் அத்தையின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் சமையலறைக்குள் நுழைவார். ஓய்வு பெறும்வரை வெந்நீர்கூட வைத்தறியாதவர். அத்தை படுக்கையில் விழுந்த பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

அத்தைக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் தவணை தவணையாக மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து பசியையும் சேர்த்தே விழுங்கிவிட்டது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கடைசியாகப் போனபோது மருத்துவர் அடுத்த தவணையை நிறுத்திவைத்துவிட்டார். எடை கொஞ்சமாவது கூடினால்தான் உடம்பு தாங்கும், இல்லாவிட்டால் சிகிச்சையைத் தொடர முடியாது என்றார்.

மாமா ஊட்டாமல் இல்லை. ஆனால் அவர் ஊட்டிய விதம் வேறு. சில வருடங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, கொழுப்பைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் அந்த வீட்டுக்கே சட்டமாக்கியிருந்தார். கடையில் கொழுப்பே இல்லாத கொத்துக்கறியாகப் பார்த்து வாங்குவார். அது போதாதென்று, வறுத்த கறியைச் சல்லடையில் கொட்டி, வடிகிற தண்ணீர் தெளியும்வரை வெந்நீர் விட்டு அலசுவார். அத்தை ஒரு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பாள். “மணலை வறுத்துக் குடுக்கறீங்க” என்பாள். “உடம்புக்கு நல்லதும்மா” என்பார் மாமா.

உணவு ஆலோசகரைப் பார்க்கப் போனபோது மொழிபெயர்க்க நானும் உடன் போனேன். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். மாமா தன் நெஞ்சடைப்பையும் சொல்லி, அலசும் கலையைக் கையசைத்து விவரித்தார். நான் சொல்லி முடித்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அந்தப் பத்தியம் உங்கள் இதயத்துக்கு, இவர்களுக்கு அல்ல என்றாள். நாலு கரண்டிதான் உள்ளே போகிறது என்றால் அந்த நாலு கரண்டியில் தெம்பு இருக்க வேண்டும். இப்போதைக்கு இவர்களுக்குக் கொழுப்புள்ள கொத்துக்கறி நல்லது. புரதம் உண்டு, இரும்பும் துத்தநாகமும் வைட்டமின் பி பன்னிரண்டும் உண்டு, மெல்லவும் எளிது. உள்ளே சிவப்பில்லாமல் வேக வேண்டும், அது மட்டும் கட்டாயம். மாமாவைப் பார்த்து, உங்களுக்கு இது கிடையாது என்றும் சொன்னாள்.

மாமா எல்லாவற்றையும் என்னை இரண்டு தடவை சொல்லவைத்தார். பின் இருக்கையில் அத்தை தூங்கிவிட, காரில் பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான்தான் அவளைப் பட்டினி போட்டேனா?”

இல்லை மாமா என்று என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

“வண்டியைக் கறிக்கடைக்கு விடுங்க தம்பி.”

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதிலேயே வெள்ளை அதிகமாகத் தெரிந்த தட்டை விரலால் சுட்டினார். கால் பங்குக்கு மேல் கொழுப்பு இருக்கும், பரவாயில்லையா என்று கடைக்காரர் கேட்க, நான் மொழிபெயர்க்கும் முன்பே தலையாட்டினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு வாணலி. ஒன்றில் அத்தைக்கு, ஒன்றில் மாமாவுக்கு அவித்த பயறு. வடைபோலத் தட்டிப் பொரிக்கும்போது, “பிசையக் கூடாது, ரப்பர் ஆயிடும். கரண்டியால அமுக்கவும் கூடாது, சத்தெல்லாம் அடுப்புக்குத்தான் போகும்” என்று எனக்குப் பாடம் நடத்துவார். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. இல்லாவிட்டால் உப்பிக்கொள்ளுமாம். ஒருநாள் தக்காளியோடு சுண்டவைத்து நூடுல்ஸ்மேல் ஊற்றுவார். இன்னொரு நாள் சூப்பில் உருண்டை பிடித்துப் போடுவார். வாணலியில் தேங்கும் கொழுப்பைக்கூடச் சிந்துவதில்லை. வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அதிலேயே உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்துத் தருவார். தான் ஒரு விரல்கூடத் தொட்டு நக்கமாட்டார். குனிந்து ஆழமாக மூச்சிழுப்பதோடு சரி. “வாசனைக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது” என்று கண்ணடிப்பார்.

முதல் சில நாட்கள் தட்டில் பாதி மீந்தது. பிறகு கால்வாசி. ஒரு மத்தியானம் நான் போனபோது மாமா ஏதோ பட்டம் வாங்கியவர்போல வாசலிலேயே நின்றிருந்தார். அத்தை சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டாளாம். “உப்புக் கம்மின்னுட்டா தம்பி. எத்தனை மாசம் ஆச்சு அவ ருசி பார்த்து.” உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: “அதையும் போய் ஊருக்கெல்லாம் சொல்லுங்க. மிளகும் கம்மிதான்.”

எடை பார்க்கும் நாள் வந்தது. காரிலிருந்து இறங்கிய அத்தை கனத்த கோட்டோடு உள்ளே நடந்தாள். மாமா மறித்துக் கோட்டைக் கழற்றச் சொன்னார். இருக்கட்டுமே, கொஞ்சம் கூடக் காட்டுமே என்று நான் முணுமுணுத்தேன். “வேணாம் தம்பி. கோட்டுக்கா மருந்து ஏத்தப் போறாங்க?” என்றார். கோட்டு, கைப்பை, கைபேசி எல்லாம் என் மடிக்கு வந்தன. இருவரும் உள்ளே போக, மருத்துவர் அறையின் கதவு மூடியது. மொழிபெயர்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் கோட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. மாமாதான் முதலில் வந்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், வாயைத் திறக்காமல் வலக்கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலை வானம் பார்க்க நீட்டி, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினார். எனக்குப் புரியவில்லை. பின்னால் மெல்ல நடந்து வந்த அத்தைதான் சொன்னாள்.

“துறைமுகத்துச் சைகை. சரக்கு மேல ஏறுதுன்னு அர்த்தம். மருந்து நாளைக்கே ஏத்தறாங்களாம்.”

விரல் சுழன்றுகொண்டே இருந்தது.