சுவக்கீன் மகளைக் கச்சேரிக்குக் கூட்டிப்போனது

தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓட்டுகிறவர்களை எஸ்டேட்டில் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பக்கத்தில் நிற்கிறவனிடம் தீப்பெட்டி கேட்பதற்குக்கூட எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள். ஏனய்யா இப்படி என்றால், கத்திப் பேசிப் பழகிவிட்டது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவர்கள் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். சொன்னால் ரோலரை விட்டு இறக்கிவிடுவார்கள்.

சுவக்கீன் அந்த ஜாதி ஆள். குமுளியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற கல்லுமேட்டு எஸ்டேட்டில் பிறந்தவன். பதினேழு வயதில் ஃபேக்டரிக்குள் நுழைந்தான். 1974இல் அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அத்தனை வருஷமும் ரோலர்தான். வாடிய இலையைப் போட்டு வட்டமாகச் சுழற்றி நசுக்கி முறுக்குகிற இயந்திரம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே அப்படி ஆறு ஓடின. அந்த அறைக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைப்பேச்சுதான். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். மீசையைத் தடவினால் எஸ்டேட் மேனேஜர் துரை வருகிறார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால் எல்லாவற்றையும் உடனே நிறுத்து என்று அர்த்தம். யாருடைய கையாவது இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால் காட்டுகிற சைகை அது. பார்த்தவன் முதலில் நிறுத்த வேண்டும். ஏன் எதற்கென்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

சுவக்கீனுக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் மூன்று வருஷமாக அடைத்துக்கொண்டே வந்தது. காது கேட்காதவன் இயந்திரத்தில் நிற்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கண்டுபிடித்தால் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று செடி கவாத்து வெட்ட வேண்டும். ரோலர்காரன் என்ற மரியாதையும் அதோடு போகும். அதனால் சுவக்கீன் தந்திரங்கள் பழகிக்கொண்டான். எதிரில் நிற்கிறவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பான். ரோலரின் இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்தே அது சரியாக ஓடுகிறதா என்று சொல்லிவிடுவான். மேஸ்திரிக்கே அதில் ஒரு பிரமிப்பு உண்டு.

அவன் மனைவி மதலேனம்மாள் கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு விஷயம் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவன் முகத்துக்கு நேரே வந்து நிற்காமல் எதையும் சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள்.

மகள் ரோசிக்கு மூன்றரை வயது. அவளும் அப்பாவும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். பசி, தண்ணீர், வா, போ, நிறுத்து எல்லாம் ஃபேக்டரிச் சைகைதான். லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் அதை அப்பனும் மகளும் ஆடுகிற விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். சுவக்கீனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். அவள் பேசத் தொடங்கிய காலமும் அவனுக்குக் காது அடைக்கத் தொடங்கிய காலமும் ஒன்றாகப் போயிற்று. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட இந்த வருத்தம்தான் அவனுக்குப் பெரிது.

அந்த வருஷம் அசிஸ்டென்ட் மேனேஜராகப் புதிதாக ஒரு சின்ன துரை வந்திருந்தார். எர்ணாகுளத்துக்காரர், இருபத்தைந்து வயதுப் பிள்ளை, காதை மூடின முடி. அவருடைய காலேஜ் சிநேகிதர்கள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளுக்கு அவர்களை வரவழைக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் உபதேசியார் சிலுவைராஜ் அதை அறிவிப்பாகப் படித்தார்: விளையாட்டு மைதானத்தில் மதியம் மூன்று மணிக்கு ராக் கச்சேரி. ராக் என்றால் என்ன என்று கேட்டதற்கு, கானமேளா மாதிரிப் பாட்டுக் கச்சேரிதான், ஆனால் சத்தம் பத்து மடங்கு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

பத்து மடங்கு என்ற சொல்லை சுவக்கீன் அவர் உதட்டிலிருந்து பிடித்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. பத்து மடங்கு சத்தம் என்றால் தனக்கும் கேட்கும். தனக்கும் மகளுக்கும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் கேட்கும். வேறு எந்த நாளில் அது நடக்கப்போகிறது?

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா கூடாதா என்று எஸ்டேட் முழுக்க ஒரு வாரம் வாதம் நடந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் கூடாது என்றார். பிள்ளைக் காது முருங்கைப்பூ மாதிரி, தாங்காது என்றார். பெண்கள் பாதிப் பேர், பிள்ளை பயந்து காய்ச்சலில் விழும் என்றார்கள். கூட்டிப்போகாவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று மீதிப் பாதி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எல்லாரையும்விட உறுதியாகப் பேசியவர்கள் ரோலர்காரர்கள். தினமும் பத்து மணி நேரம் இரைச்சலில் நிற்கிறோமே, எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்கள். அதை அவர்கள் கேட்ட சத்தத்தில் கம்பவுண்டர் இரண்டடி பின்னால் போனார்.

மதலேனம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீங்க போங்க. நான் வேண்டாம்னு சொல்லல. புள்ள எதுக்கு? பச்சக் காது."

"ஏட்டி, நான் தோள்ல வச்சுக்கிடுதேன். எங்கூடத்தான இருக்கப் போறா."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஆனாலும் மறுநாள் ரோசிக்குத் திருநாள் கவுனைப் போட்டுத் தலை சீவி அனுப்பிவைத்தவளும் அவள்தான். கொஞ்சம் பொறுத்து அவளும் பின்னாலேயே போய்ப் பெண்கள் பக்கம் நின்றாள்.

மைதானத்தில் மேடைக்கு இரு பக்கமும் ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகள் நின்றன. மின்சாரத்துக்கு ஃபேக்டரி ஜெனரேட்டரை டிராக்டரில் இழுத்து வந்து மேடைக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஃபேக்டரி என்ஜின் டிரைவர் யாக்கோபு. இருபது வருஷமாக ஃபேக்டரியில் விசையைத் தூக்கி இறக்குகிறவர். இங்கேயும் அதே வேலை. ஒரு ஸ்டூலைப் போட்டு, விசையில் ஒரு கையை வைத்தபடி கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முடி வளர்த்த நான்கு பையன்கள் மேடையேறினார்கள். ஒருவன் கிதாரின் கம்பியைத் தட்டியதுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் பின்வாங்கியது. சுவக்கீன் ஒருவன்தான் முன்னால் போனான். பெட்டிக்கு நான்கடி தூரத்தில், ரோசியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குக் கேட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பாட்டு என்ற ஒன்று கேட்டது. ட்ரம் அடி நெஞ்செலும்பில் வந்து விழுந்தது; அதற்கு மேலே கிதாரின் குரல், அதற்கு நடுவே ஒருவன் என்னவோ பாஷையில் பாடுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. பாஷை புரியாததைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சிறு வயதில் கோயில் பாட்டுக் குழுவில் பாடியவன் அவன். அதையெல்லாம் மறந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ரோசியின் குதிகால்கள் அவன் நெஞ்சில் உதைத்தன. தாளம் போடுகிறாள் என்று நினைத்தான். அவள் இரண்டு கையாலும் அவன் தலையில் அடித்தாள். அதையும் தாளம் என்றே நினைத்தான். அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனும் அசைந்தாடினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை எஸ்டேட்டில் யாரும் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனம்மாள் பார்த்துவிட்டாள். பிள்ளையின் வாய் முழுக்கத் திறந்திருந்தது, முகம் சிவந்து கிடந்தது. அவள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தாள். நடுவில் முந்நூறு பேர் நின்றார்கள்.

அடித்தும் உதைத்தும் அப்பா திரும்பவில்லை. ரோசி தனக்குத் தெரிந்த இன்னொரு வழியைச் செய்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள்.

யாக்கோபு அதைப் பார்த்தார். காட்டியது யார், எதற்கு, இது ஃபேக்டரியா மைதானமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. இருபது வருஷத்துக் கை அது. விசையைக் கீழே இழுத்துவிட்டது.

ஜெனரேட்டர் ஓய்ந்தது. பெட்டிகள் செத்தன. பாடிக்கொண்டிருந்தவனின் குரல் எலிக்குஞ்சின் குரலாகி நின்றது. அந்த அமைதியில் ரோசியின் அழுகை மைதானத்தின் கடைசி வரை கேட்டது. வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிடுகிற அழுகை.

சுவக்கீனுக்கு நெஞ்சில் விழுந்துகொண்டிருந்த அடி திடீரென்று நின்றது. மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்று ஒரு கணம் திகைத்துப்போனான். பிறகு மேடையில் பையன்களின் கைகள் சும்மா இருப்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. ஊரே தன்னைப் பார்ப்பது தெரிந்தது. சின்ன துரையும் மேடையோரத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவக்கீன் அவரைப் பார்த்துச் சிரித்து, தன் ஃபேக்டரிக் குரலில் சொன்னான்:

"ஏன் தொரை நிறுத்திட்டாங்க? புள்ளைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

பிள்ளை அவன் தலைக்கு மேலே அழுதுகொண்டிருந்தது. பின்னால் யாரோ இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் அவர்களுக்கும் புரிந்தது, நிறுத்திக்கொண்டார்கள். மதலேனம்மாள் வந்து சேர்ந்து, ரோசியைத் தோளிலிருந்து இறக்கி, அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். சுவக்கீன் மகளின் திறந்த வாயையும் கன்னத்தில் ஓடியிருந்த கண்ணீரையும் பார்த்தான். எவ்வளவு நேரமாக அழுகிறாள் என்று மனைவியிடம் கேட்க நினைத்தான். கேட்கத் தைரியம் வரவில்லை.

ரோசி இரண்டு நாள் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தாள், மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள். கம்பவுண்டர் அவளுடைய ஒவ்வொரு காதின் பக்கமும் கடிகாரத்தை வைத்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதே கடிகாரத்தை அப்பன் காதிலும் வைத்துப் பார்க்கச் சொல்லி சின்ன துரையிடமிருந்து சீட்டு வந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சுவக்கீன் கையில் கவாத்துக் கத்தியோடு மலைக்குப் போனான். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்ட ரோலர்காரர்கள் அந்தக் கேள்வியை அதன்பிறகு யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மாதம் வரை எல்லாரும் மெதுவாகப் பேசிப் பழகினார்கள். யாக்கோபுதான் ஆளே ஒடிந்துபோனார். என் கைதான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று வந்து அழுதார். நீங்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் பிள்ளை இன்னும் அழுதிருக்கும் என்று சுவக்கீன் அவரைத் தேற்றி அனுப்பினான்.

மலை வேலை அவன் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை. அட்டை கடித்தது, மழை நனைத்தது, ஆனால் உதட்டைப் பார்த்துப் பார்த்து நடிக்க வேண்டியிருக்கவில்லை. காது கேட்காது, முன்னால் வந்து சொல்லுங்கள் என்று வாய்விட்டே சொல்லிவிடுவான். சொல்லத் தொடங்கிய பிறகு அவன் கத்துவதும் குறைந்துவிட்டது.

1978இல் மறுபடி சூசையப்பர் திருநாளுக்கு அதே மைதானத்தில் கச்சேரி வைத்தார்கள். வேறு குழு, அதே மாதிரிப் பெட்டிகள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்ற வாதம் மறுபடி முதலிலிருந்து நடந்தது. ரோலர்காரர்களைத் தவிர, நான்கு வருஷம் முன்னால் பேசிய அதே வாய்கள், அதே நியாயங்கள். சுவக்கீன் வீட்டில் இப்போது இரண்டு வயதில் ஒரு பையன் இருந்தான். இந்த முறை கூட்டிப்போகச் சொன்னவள் மதலேனம்மாள். நான்கு வருஷமாக அவன் பாட்டு என்ற பேச்சையே எடுக்காதது அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்றால் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று கம்பவுண்டரே சொல்லிவிட்டார் என்றாள்.

"பையனத் தோள்ல வச்சுக்கிட்டு நில்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கேன்."

சுவக்கீன் பையனை வாங்கி, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"நீயே வச்சுக்கிட்டு நில்லு. ஏந் தோள்ல இருந்து அழுதாம்னா எனக்குத் தெரியாதுல்லா."

அன்று அவன் தனியாகப் போய்ப் பெட்டிக்கு நான்கடி தூரத்தில் நின்று, கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு வந்தான்.